ஐஸ்பெட்டியும் பதினேழாம் நம்பரும்

செவ்வாய்க்கிழமை என்றால் இன்றைக்கும் அவருக்குக் காலை ஐந்தரைக்கே முழிப்பு தட்டிவிடும். குளித்து, தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் போக இடமில்லை என்பது உறைக்கும். வேலையை விட்டு மூன்று வருஷம் ஆகிறது.

"என்ன, டூட்டிக்குக் கிளம்பியாச்சா?" என்று மனைவி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பெயர் ஐஸ்பெட்டி. டாக்டர்கள்கூட "ஐஸ்பெட்டி வந்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று வருகைப் பதிவேட்டில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது மட்டும் அவரே அதை ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கொள்வார்.

அது பிரசவத்துக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் மட்டுமே உள்ள ஆஸ்பத்திரி. கால் உடைந்தவனுக்கும் பல் வலிக்காரனுக்கும் அங்கே வேலை இல்லை. கீழே பிரசவ அறைகள். மாடியில், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், நாள் ஆகுமுன்னே அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைகள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழம்கூட நீளமில்லாமல் கிடக்கும். அந்தக் குழந்தைகளின் அம்மாக்களுக்கு உடனே பால் ஊறாது. மாவுப்பால் அந்தச் சின்னக் குடலுக்கு ஆகாது. அதனால் வேறு வீடுகளில், பால் மிஞ்சுகிற அம்மாக்களிடம் வாங்கி, சூடுபடுத்தி, பரிசோதனை செய்து கொடுப்பார்கள். அதற்காகத்தான் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஒரு ஃப்ரீசர், பாட்டில்களைச் சுடுதண்ணீரில் நிறுத்தி வைக்கும் ஒரு மெஷின், ஒரு முக்காலி. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் வெளியே போகவேண்டும். தாய்ப்பால் வங்கி என்று கதவில் எழுதியிருந்தது.

அந்த அறையை உண்டாக்கியவர் பெரிய சிஸ்டர். நர்சுகளுக்கெல்லாம் தலைவி. அவர் நடந்துவந்தால் நாற்காலிகூட நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். ஆனால் வீடு வீடாகப் போய்ப் பாலை வாங்கிவர அவருக்கே ஆள் கிடைக்கவில்லை. டிரைவர்களைக் கேட்டால் காதைச் சொறிந்தார்கள். வாட்ச்மேன் நேரடியாகவே, "சிஸ்டர், எங்க ஊட்ல செருப்பாலயே அடிப்பாங்க" என்று சொல்லிவிட்டான். கடைசியில் ஆம்புலன்ஸுக்கு மாற்று டிரைவராக வந்து சேர்ந்திருந்த இவரைக் கூப்பிட்டார். இவர் அதற்கு முன் பதினோரு வருஷம் பால் கம்பெனியில் வேன் ஓட்டியவர்.

"பாலைக் கெடாம கொண்டுவரத் தெரியுமா?"

"எனக்குத் தெரிஞ்சதே அது ஒண்ணுதான் சிஸ்டர்."

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "இத்தனை வருஷம் மாட்டுப் பாலை ஏத்திட்டு வந்தீங்க. மாடு வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கல. இனிமேதான் இருக்கு உங்களுக்கு."

அவள் வாய் பலித்தது. முதல் வீட்டிலேயே மாமியார் ஒருத்தி துடைப்பத்தோடு படி இறங்கி வந்தாள். "ஆம்பளை வந்து வாசல்ல நின்னு கேக்கற விஷயமாய்யா இது?" இவர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைத் தெருவே பார்த்தது. ஸ்கூட்டரில் உட்கார்ந்து யோசித்தார். அந்த அம்மாள் சொன்னதில் தப்பில்லை. பிள்ளை பெற்ற பெண்கள், தலை வாராமல், தூக்கம் இல்லாமல், பாதி நேரம் நைட்டியில் வந்து நிற்பார்கள். ஓர் அந்நிய ஆள் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் கூசாது?

அன்றைக்கு அவராகவே ஒரு வழி கண்டுபிடித்தார். மணியை அடிப்பார். உடனே திரும்பி, கதவுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். பெட்டி காலடியில், மூடி திறந்தபடி. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் சுவரிடம் கேட்பார்: "குழந்தைக்கு வயிறு நிறைஞ்சுதா பாப்பா?"

அந்தக் கேள்வி பெரிய சிஸ்டரின் உத்தரவு. சொந்தக் குழந்தை குடித்து மிஞ்சினதுதான் வேண்டும். நிறையவில்லை என்று அம்மா சொன்னால் ஒரு சொட்டும் எடுக்காமல் வந்துவிட வேண்டும். 'நிறைஞ்சுது' என்று பதில் வந்தால் இவர் பின்பக்கமாகக் கையை நீட்டுவார். ஜில்லென்று பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் கையில் வந்து உட்காரும். கழுத்தில் ஒட்டிய காகிதத்தில் தேதி, மணி, அந்த அம்மாவுக்கென்று ஒரு நம்பர். பெயர் இருக்காது. அது ஆஸ்பத்திரி வழக்கம். அடுக்கி, மேலே ஐஸ் கட்டிப் பைகளை வைத்து, இடுக்கில் செய்தித்தாளைத் திணிப்பார். குளிர் கீழேதான் இறங்கும், மேலே ஏறாது; பெட்டிக்குள் காற்றுக்கு இடம் கொடுத்தால் பால் பாதிக் குளிரில் மாட்டிக்கொள்ளும். பால் கெடுவது அந்தப் பாதியில்தான். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. படித்ததே ஐந்தாம் வகுப்பு.

இப்படி ஒன்பது வருஷம், செவ்வாய்க்கிழமை தவறாமல். நூற்றுக்கணக்கான அம்மாக்கள். ஒருத்தி முகமும் அவருக்குத் தெரியாது. குரல் தெரியும், கொலுசு தெரியும், வாசலில் கிடக்கும் செருப்பு தெரியும். உள்ளே குழந்தை அழுகிற தினுசு தெரியும். நாலாம் நம்பர் வீட்டில் எப்போதும் குக்கர் விசில். பதினொன்றாம் நம்பர் வீட்டுக்காரன் கதவிடுக்கில் நின்று, "அண்ணே, உங்க முதுகுல சட்டை கிழிஞ்சிருக்கு" என்று சொல்லி, அடுத்த வாரம் ஊசிநூலோடு காத்திருந்தான். இப்போது படிக்கட்டு அறை இல்லை. தனிக் கட்டிடம், கண்ணாடிக் கதவு, வேனுக்குள் குளிரளவைக் காட்டும் சின்னத் திரை. நல்லதுதான். குறை சொல்ல அவர் யார்? ஆனாலும் அந்தப் படிகளும் அந்தச் சுவர்களும் கண்ணுக்குள் அப்படியே நிற்கின்றன. எந்த வீட்டுச் சுவரில் எந்த இடத்தில் காரை பெயர்ந்திருந்தது என்று இன்றைக்கும் சொல்லுவார்.

பதினேழாம் நம்பர் வீட்டுச் சுவர் பச்சை நிறம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், குரல் அப்படி. கணவன் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி வீட்டில் இல்லை. அவளுடைய குழந்தை சுகமாகப் பிறந்து வீட்டுக்குப் போனது. தொண்டை என்றால் தொண்டை, இரண்டாவது மாடி ஏறும்போதே கேட்கும்.

"என்ன பாப்பா, குழந்தைக்கு இன்னைக்கு யார் மேல கோவம்?"

"என் மேலதாண்ணே. அரை நிமிஷம் லேட்டாம்."

வாரம் இரண்டு பாட்டில் கொடுப்பாள். சில வாரம் ஒன்று.

அவர் வேலையை விட்ட வருஷம் மாடியில் கூட்டம். ஒரு கிலோவுக்குக் கீழே மூன்று குழந்தைகள் ஒரே சமயத்தில் சேர்ந்துவிட்டன. ஃப்ரீசரின் அடித்தட்டு தெரிய ஆரம்பித்தது. பெரிய சிஸ்டர் தினமும் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அந்த நேரம் பார்த்து ஒரு செவ்வாய்க்கிழமை பதினேழாம் நம்பர் வீட்டில் ஐந்து பாட்டில் கிடைத்தது.

மாடி ஏறும்போது சத்தமே இல்லை. குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டார். மணியை அடிக்காமல் விரலால் லேசாகத் தட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கதவு திறந்ததும் குரலைத் தாழ்த்தி, "குழந்தைக்கு வயிறு நிறைஞ்சுதா பாப்பா?" என்றார்.

பின்னால் கொலுசு ஒரு அடி நகர்ந்து நின்றது. பிறகு அவளும் அதே மெல்லிய குரலில், "நிறைஞ்சுதுண்ணே" என்றாள்.

"தூங்குதா?"

"ம்."

"தூங்கட்டும், தூங்கட்டும். தூங்கினாத்தான் வளரும்."

ஐந்து பாட்டில்! கைக்கு வந்துகொண்டே இருந்தது. அடுத்த வாரமும் ஐந்து. அதற்கடுத்த வாரம் ஆறு. இவர் வாயெல்லாம் பல்லாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எப்படித் திடீர்னு இவ்வளவு?" என்று பெரிய சிஸ்டர் கேட்டதற்கு, "குழந்தை தூங்குமூஞ்சியா மாறிடுச்சு சிஸ்டர். நான் போற நேரமெல்லாம் தூக்கந்தான்" என்றார். பெரிய சிஸ்டர் மாடிக்கு அவசரமாகப் போகவேண்டியவர், மேற்கொண்டு கேட்கவில்லை. இப்படியே நாலு செவ்வாய். நாலு தடவையும் இவர் பூனை மாதிரிப் படி ஏறி, கிசுகிசுவென்று கேள்வி கேட்டு, கிசுகிசுவென்று பதில் வாங்கி வந்தார்.

ஐந்தாவது செவ்வாய் கதவைத் திறந்தது வேறு ஆள்.

"யாரு நீங்க? எதுக்குச் சுவத்தைப் பார்த்து நிக்கிறீங்க?" கனமான பெண்குரல். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வர்றேம்மா. பாலுக்கு."

"அதை ஏன் குசுகுசுன்னு சொல்றீங்க? திருடன் மாதிரி."

"குழந்தை தூங்குமேன்னு..."

பச்சைச் சுவரில் ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தக் குழந்தை?" என்றாள் அவள்.

அவர் குனிந்து பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"காய்ச்சல் வந்து, வேற ஆஸ்பத்திரியில வெச்சு, அந்தக் குழந்தை போயி அஞ்சு வாரம் ஆகுதுய்யா. நான் இவளோட அக்கா. ஊர்லேர்ந்து இப்பத்தான் வந்தேன். வந்து பார்த்தா, இவ மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் எடுக்கிற அந்த மெஷினை மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. கேட்டா ஆஸ்பத்திரியிலேர்ந்து ஆள் வருவாங்கறா. நீங்கதானா அது? ஒரு மனுஷனுக்கு வீட்ல குழந்தை இருக்கா இல்லையான்னுகூடவா தெரியாது? திரும்பிப் பார்த்திருந்தா அவ மூஞ்சியே சொல்லியிருக்குமே!"

அவர் அப்போதும் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை.

"இனிமே இந்தப் படி ஏறாதீங்க."

கதவு சாத்திக்கொண்டது. கீழே இறங்கி வந்தவர் செருப்பை மேலேயே விட்டுவிட்டதை ஸ்கூட்டரை உதைக்கும்போதுதான் கவனித்தார். திரும்ப ஏறி எடுக்கவில்லை. அன்றைக்கு மீதி வீடுகளுக்கு வெறுங்காலோடு போனார். எந்த வீட்டிலும் கேள்வி கேட்க வாய் வரவில்லை. பதினொன்றாம் நம்பர் வீட்டுக்காரன், "என்னண்ணே, இன்னைக்கு விசாரிப்பே இல்லை?" என்றான்.

படிக்கட்டு அறையில் பெரிய சிஸ்டரிடம் சொல்லி முடித்தார். பெரிய சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை.

"பாலுக்கு ஒண்ணும் இல்லை. அது நல்ல பால். பரிசோதனை பண்ணித்தான் குடுத்திருக்கோம்" என்றார். "ஆனா ஒரு போன் போட்டு நான் கேட்டிருக்கணும். கேக்கல. ஃப்ரீசர் நிறையுதேன்னு சந்தோஷப்பட்டேன்."

"இனிமே போகலைன்னா முடிஞ்சுதில்ல சிஸ்டர்?"

"முடியாதுய்யா. அக்காக்காரி மெஷினைப் பிடுங்கி வெச்சிட்டாள்னு வெச்சுக்கங்க. திடீர்னு நிறுத்தினா மார் கட்டிக்கும், காய்ச்சல் வரும், அந்தப் பொண்ணு துடிச்சுப் போயிடும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அதை யாராவது சொல்லணும். கொடுக்கறதா நிறுத்தறதான்னு அந்தப் பொண்ணுதான் சொல்லணும். அக்காவும் இல்ல, நானும் இல்ல."

போன் போட்டுப் பார்த்தார். அக்காதான் எடுத்தாள். ஆஸ்பத்திரி என்றதும் வைத்துவிட்டாள். மூன்று தடவை. கடைசியில் பெரிய சிஸ்டர் ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஐஸ்பெட்டியின் கையில் கொடுத்தார்.

வீட்டில் அவர் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை கேலி இல்லை.

"நாலு வாரம், ஒவ்வொரு வாரமும், வயிறு நிறைஞ்சுதான்னு கேட்டிருக்கேண்டி. தூங்கட்டும்னு வேற சொல்லியிருக்கேன். அந்த வாசல்ல எப்படிப் போய் நிக்கிறது?"

"வராதேன்னு யார் சொன்னா?"

"அக்கா."

"அந்தப் பொண்ணு சொன்னாளா?"

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

"அப்புறம் என்ன? போங்க. திட்டினா வாங்கிக்கங்க. இருபத்தெட்டு வருஷமா என்கிட்ட வாங்கிப் பழக்கந்தானே."

மறுநாள் காலை கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். பெட்டியை எடுத்துப்போவதா வேண்டாமா என்று ஸ்கூட்டர் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். எடுத்துப்போனால் பாலுக்கு வந்த மாதிரி இருக்கும். எடுத்துப்போகாவிட்டால் அவளே கொடுக்கும்போது வாங்க முடியாது. கடைசியில் எடுத்துக்கொண்டார்.

கதவைத் திறந்த அக்கா இவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். "சொன்னது காதுல விழலையா? உங்க செருப்பு அங்க கிடக்கு, எடுத்துக்கிட்டு..."

"அக்கா." உள்ளேயிருந்து ஒரு குரல். நாலு வாரமாகக் கிசுகிசுத்த குரல், இன்றைக்கு முழுசாக வந்தது. "அவர் என்னைப் பார்க்க வந்திருக்கார்."

இவர் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். காலடிச் சத்தம் வாசல் வரை வந்து நின்றது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் சுவரிடம். "சத்தியமா எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும்ணே. தெரிஞ்சுடக் கூடாதுன்னுதான் சொல்லல." அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "எல்லாரும் செத்த வீட்டுக்கு வர்ற மாதிரி வர்றாங்க. தொட்டிலைக் கழட்டி எங்கயோ வெச்சிட்டாங்க. சின்னத் துணி ஒண்ணுகூடக் கண்ணுல படல. நீங்க ஒருத்தர்தான் குழந்தை இருக்கிற வீட்டுக்கு வர்ற மாதிரி வந்தீங்க. கதவை மெதுவாத் தட்டினீங்க. செவ்வாய்க்கிழமை ஒரு அஞ்சு நிமிஷம்..."

அக்கா குறுக்கிட்டாள். "நீ அதை மாட்டிக்கிட்டு அழறதை என்னால பார்க்க முடியலடி."

"அது இல்லாமலும் அழறேன்தானே அக்கா? ராத்திரி பூரா நீதானே பார்க்கறே."

ஐஸ்பெட்டி கடிதத்தைப் பின்பக்கமாக நீட்டினார். அக்கா வாங்கி வாய்விட்டுப் படித்தாள். எட்டு தடவையை ஏழாக்கு, மூன்று நாள் கழித்து ஆறாக்கு, வலித்தால் ஈரத்துணி வை, காய்ச்சல் வந்தால் உடனே என்னிடம் வா, விருப்பம் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் கொட்டிவிடு, எதுவானாலும் அது உன் பால் என்று பெரிய சிஸ்டர் எழுதியிருந்தார்.

"யார்ணே குடிக்கிறாங்க?" என்று தங்கை கேட்டாள்.

அதைச் சொல்லக் கூடாது என்பது ஆஸ்பத்திரிச் சட்டம். கொடுப்பவருக்கு வாங்குபவர் தெரியக் கூடாது, வாங்குபவருக்குக் கொடுப்பவர். அவர் ஒன்பது வருஷத்தில் ஒரு சட்டத்தையும் மீறினதில்லை.

"நான் பார்த்ததில்ல பாப்பா. மாடிக்கு என்னை விடமாட்டாங்க. ஆனா படிப்பக்கம் ஒரு பலகையில எடை எழுதுவாங்க. மூணு பேரு. ஒண்ணு தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராம். ஒண்ணு எண்ணூத்தி எழுபது. ஒண்ணு எழுநூத்தி முப்பதா இருந்துச்சு, நேத்து எழுநூத்தி தொண்ணூறுன்னு அழிச்சு எழுதியிருந்தாங்க."

"எழுநூறு கிராமா?" என்றாள் அக்கா. "ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம்கூட வராதேய்யா?"

"அவ்வளவுதாம்மா."

பிறகு அக்கா உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. பின்னால் நீட்டிய கையில் ஜில்லென்று ஒரு பாட்டில் வந்து உட்கார்ந்தது, அப்புறம் இன்னொன்று.

அதன் பிறகு ஏழு செவ்வாய். அக்கா ஊருக்குப் போகவில்லை. தங்கை மெஷினை வைக்கும் நேரத்தையெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து அவளே குறித்து வைத்தாள். இவரோடு வம்புக்கும் நின்றாள். "என்னய்யா, ஐஸ் பாதி உருகிப்போச்சு? எங்க வீட்டுப் பாலை இதுலயா வைக்கப்போறீங்க?" "எழுநூத்தி தொண்ணூறு இப்ப எவ்வளவு? பலகையைப் பார்த்தீங்களா, இல்ல அங்கயும் முதுகைக் காட்டிட்டு நின்னீங்களா?" இவர் எடையைச் சொல்லுவார். உள்ளேயிருந்து தங்கை, "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்பாள். இன்னொரு தடவை சொல்லுவார். ஆறு பாட்டில் நாலாயிற்று, மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. ஏழாவது செவ்வாய், அந்த ஒன்றில் அடியில் மட்டும் கொஞ்சம் இருந்தது. கால் டம்ளர்கூடத் தேறாது.

"அவ்வளவுதாண்ணே" என்றாள் தங்கை. "நின்னுபோச்சு." குரலில் அழுகை இல்லை. களைப்பு இருந்தது.

"போதும் பாப்பா. நீ நல்லாத் தூங்கு" என்றார் அவர். வேறென்ன சொல்வது என்று அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அந்தப் பாட்டிலை அவர் மற்றவற்றோடு அடுக்கவில்லை. இரண்டு ஐஸ் பைகளுக்கு நடுவில் தனியாக வைத்துக் கொண்டுவந்தார். சூடுபடுத்தி, பரிசோதனை முடிய மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் படிக்கட்டு அறைக் கதவில் எட்டிப் பார்த்து, "பதினேழுக்கு ரிசல்ட் வந்துடுச்சா சிஸ்டர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரிய சிஸ்டர் அவர் கையில் ஒரு முகமூடியையும் காலுறையையும் திணித்தார். "கையைக் கழுவிட்டு மேல வாங்க. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நிக்கணும்."

ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக மாடி ஏறினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்றாவது பெட்டி. பலகையில் எழுநூத்தி தொண்ணூறாக இருந்த குழந்தை இப்போது ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அப்படியும் அவருடைய இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தோலுக்குள் நரம்பு தெரிந்தது. வாய்வழியாக நூல் மாதிரி ஒரு குழாய். ஒரு நர்ஸ் ஊசியில்லாத சிரிஞ்சைக் குழாயின் மேல்முனையில் செருகி, பதினேழாம் நம்பர் பாலை அதில் ஊற்றி, கையை உயர்த்திப் பிடித்தாள். அழுத்தவில்லை. பால் தன்பாட்டுக்கு இறங்கட்டும் என்று சும்மா பிடித்துக்கொண்டு நின்றாள்.

பால் அவசரமே படவில்லை. சிரிஞ்சில் ஒரு கோடு இறங்குவதற்குள் இவர் பத்துத் தடவை மூச்சு விட்டிருப்பார். நடுவில் குழந்தை ஒரு தடவை முகத்தைச் சுளித்தது. நர்ஸ் கையைத் தாழ்த்தி, கொஞ்சம் பொறுத்து, திரும்பவும் உயர்த்தினாள். குழந்தையின் விரல்கள் எதையோ பிடிக்கிற மாதிரி மூடிக்கொண்டன.

"பார்த்தாச்சில்ல?" என்றார் பெரிய சிஸ்டர், பின்னால் நின்று. "டாக்டர் வர்ற நேரம். இறங்குங்க."

ஐஸ்பெட்டி கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பவில்லை.

"இருங்க சிஸ்டர். இன்னும் ரெண்டு கோடு இருக்கு."